பெயர் வெட்டிய மாத்திரை

அன்புள்ள டோனி,

இந்தக் கடிதத்தை உறையில் போட்டிருக்கிறேன், ஆனால் ஒட்டவில்லை. சனிக்கிழமை உன் அப்பா வைட்ஃபீல்டுக்கு வரும்போது கையில் கொடுப்பார். வழியில் பஸ்ஸில் அவர் படிக்கலாம், வீட்டில் ஸ்டெல்லா படிக்கலாம், உங்கள் அப்பார்ட்மெண்ட் வாட்ச்மேன் படித்தாலும் எனக்கு ஒன்றுமில்லை. போனிலேயே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் போனில் நீ "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிக்கொண்டே கம்ப்யூட்டரைத் தட்டுவது எனக்கு இங்கே ஆஸ்டின் டவுனில் கேட்கிறது. இதை நீ தட்டாமல் படிக்க வேண்டும்.

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம், நீ ஆபீஸில் இருந்த நேரம், ஸ்டெல்லா போன் செய்தாள். உன்னைப் பற்றிக் கோள் சொல்லவில்லை, பயந்துபோய்ச் சொன்னாள். ஆபீஸிலிருந்து வந்து, காரை நிறுத்தி, மாடிக்கு வராமல் அரை மணி நேரம் பேஸ்மெண்டில் காருக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறாயாமே. தூக்கம் இல்லையாம். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு எழுந்திருப்பதில்லையாம். அவள்தான் கெஞ்சி ஒரு டாக்டரிடம் கூட்டிப்போயிருக்கிறாள், அவரும் மனசுக்கு ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்தச் சீட்டு மூன்று வாரமாக உன் பர்ஸில் நாலாக மடித்துக் கிடக்கிறதாம். ஏன் வாங்கவில்லை என்று கேட்டதற்கு நீ சொன்னதை அவள் அப்படியே என்னிடம் சொன்னாள். "மாத்திரை மட்டும் வேணாம் ஸ்டெல்லா. மாத்திரை வாங்கிக் குடுத்து எங்கம்மாவ கொல்லப் பாத்தவன் நான். அந்த பாவம் போதும்." கல்யாணமாகி ஒரு வருஷம்தான் ஆன பெண், அவளுக்கு என்ன தெரியும்? "இன்னா அத்த நடந்துச்சு?" என்று கேட்டாள். "சொல்றேம்மா" என்று போனை வைத்துவிட்டேன். அன்றைக்குச் சுட்ட சப்பாத்தி எல்லாம் கருகல். உன் அப்பா கருகலைச் சுரண்டிவிட்டுச் சாப்பிட்டார், அவருக்கும் விஷயம் புரிந்துவிட்டது.

நீ என்னைக் கொல்லப் பார்க்கவில்லை, டோனி. முதலில் இதை எழுதிவிடுகிறேன், மீதியை நீ படிக்காமல் போனாலும் இது ஒன்று உன்னிடம் சேர்ந்துவிடட்டும். அன்றைக்கு நடந்தது என்னால். அது தெரிந்தே இத்தனை வருஷம் பேசாமல் இருந்தேன். எப்படி என்று இனி சொல்கிறேன்.

நான் பொம்மசந்திராவில் மாத்திரை கம்பெனியில் பேக்கிங்கில் இருந்தது உனக்குத் தெரியும். ஆனால் அங்கே என்ன வேலை என்று நீ ஒரு நாளும் சரியாகக் கேட்டதில்லை, பெட்டியில் போட்டு மூடுவது என்று நினைத்திருப்பாய். எங்கள் பெரிய வேலை மூடுவதில்லை, துடைப்பது. ஒரு மாத்திரை ஓடி முடிந்து அடுத்த மாத்திரை அந்த லைனில் ஏறுவதற்கு முன்னால், பழையது ஒன்றுகூட எங்கேயும் தங்கியிருக்கக் கூடாது. பெல்ட்டுக்கு அடியில், மெஷின் இடுக்கில், மேஜைக் காலுக்குப் பின்னால், எங்கள் தொப்பிக்குள்ளேகூடப் பார்ப்போம். பார்த்து முடித்து இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால்தான் லைன் ஓடும். அதற்கு லைன் கிளியரன்ஸ் என்று பெயர். கீழே ஒரு மாத்திரை உதிரியாகக் கிடந்தால், அது எதுவென்று பார்த்தாலே எங்களுக்குத் தெரியும், தெரிந்தாலும் எடுத்துத் திரும்பப் போட மாட்டோம். பெயர் இல்லாத மாத்திரை மருந்தில்லை, குப்பை. ஒரு தடவை கையெழுத்தெல்லாம் ஆன பிறகு பெல்ட் மூலையில் ஒற்றை மாத்திரையைக் கண்டுபிடித்து லைனையே நிறுத்தினேன். மேனேஜர் எல்லார் முன்னாலும் என்னைப் பாராட்டினார். அன்று சாயந்திரம் நீ அதைத் தெருவில் எல்லாரிடமும் போய்ச் சொன்னாய். அவ்வளவு கறாரான பொம்பிளை நான், வெளியே.

அந்த லைனில் ஓடிய மாத்திரைகளில் ஒன்றின் பெயர் செர்ட்ராலின். மனச்சோர்வுக்குக் கொடுப்பது. அது ஓடும் நாளில் நாங்கள் பெண்கள் எல்லாரும் ஒரே சிரிப்பு. "இன்னிக்கு லூசு லைன்டி, கைய நல்லா கழுவிட்டுப் போ, வூட்ல ஒட்டிக்கப் போவுது" என்போம். இந்தப் பேச்சை யார் ஆரம்பித்தார்கள் என்று கேட்கிறாயா? நான்தான். எனக்கு வாய் நீளம் என்று உன் அப்பா சொல்வது சும்மா இல்லை. வீட்டுக்கு வந்தும் சொல்வேன், நீயும் சிரிப்பாய். பரீட்சைக்குப் படிக்காமல் ஊர் சுற்றினால் "உனக்கு எங்க லைன் மாத்திரதான்டா குடுக்கணும்" என்று நான் திட்டியது உனக்கு ஞாபகம் இருக்கும்.

நீ காலேஜில் சேர்ந்த வருஷம் எனக்கு அது வந்தது. காரணம் தேடாதே, நானும் நிறைய தேடிப் பார்த்துவிட்டேன். உன் அப்பா குடிக்கிறவர் இல்லை, அடிக்கிறவர் இல்லை, அச்சாபீஸிலிருந்து நேரே வீட்டுக்கு வருகிற மனுஷன். நீ நல்ல பிள்ளை. சாப்பாட்டுக்குக் குறை இல்லை. இருந்தும் காலையில் கம்பெனி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் கண்ணிலிருந்து தண்ணீர் தானாக வழியும். தலை வாரச் சீப்பை எடுத்துவிட்டு அது எதற்கு என்று யோசித்துக்கொண்டு நிற்பேன். ஒரு வாரம் முழுக்க உப்பில்லாத குழம்பு வைத்திருக்கிறேன், நீங்கள் இரண்டு பேரும் பேசாமல் சாப்பிட்டீர்கள். காரணம் இருந்திருந்தால் வெட்கம் குறைந்திருக்கும். ஒன்றும் இல்லாமல் அழுகிறவளை என்னவென்று சொல்வது என்று எனக்கே தெரியவில்லை, நான் ஊருக்குச் சொல்லிக்கொடுத்த அந்த ஒரு வார்த்தையைத் தவிர.

கம்பெனியில் வருஷா வருஷம் நடக்கும் மெடிக்கல் செக்கப்பில் அந்த டாக்டர் என்னைப் பார்த்துவிட்டு வேறொரு டாக்டருக்குச் சீட்டுக் கொடுத்தார். உன் அப்பாதான் ஸ்கூட்டரில் கூட்டிப்போனார். ஆமாம், அவருக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். டாக்டர் வயதானவர், அருமையாகப் பேசினார், தமிழிலேயே பேசினார். கடைசியில் எழுதிக் கொடுத்த பெயரைப் பார்த்தேன். செர்ட்ராலின். என் கையாலேயே டப்பாவில் அடுக்கிய மாத்திரை. எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. வெளியே வந்து ஸ்கூட்டர் பக்கத்தில் நின்று உன் அப்பாவிடம் மாதா மேல் சத்தியம் வாங்கினேன், டோனிக்குத் தெரியக் கூடாது, ஒருத்தருக்கும் தெரியக் கூடாது என்று. "யார் கேக்கப் போறாங்க டோனிம்மா, ஒடம்புக்கு ஆவணும்னா சாப்ட்டுட்டுப் போ" என்றார். ஆனாலும் சத்தியம் பண்ணினார். பண்ணினதைக் காப்பாற்றவும் செய்தார், அதுதான் பிறகு வினையாகிவிட்டது.

மாத்திரை எனக்குக் கேட்டது. உடனே இல்லை. முதல் வாரம் வயிற்றைப் புரட்டியது, இது நமக்கு ஆகாது என்றே நினைத்தேன். மூன்றாவது வாரமோ நாலாவது வாரமோ, சில்க் போர்டு சிக்னலில் கம்பெனி பஸ் நின்றிருந்தபோது டிரைவர் ரேடியோ வைத்தார். பாட்டு பாதி ஓடிய பிறகுதான் நானும் கூடவே பாடிக்கொண்டிருப்பதைக் கவனித்தேன். பக்கத்து சீட்டுக்காரி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவ்வளவுதான், பெரிய அதிசயம் ஒன்றும் இல்லை. அன்றைக்குக் குழம்பில் உப்பு இருந்தது.

ஆனால் நான் செய்த வேலையைக் கேள். நம் தெரு மெடிக்கல் ஷாப்காரர் உன்னைச் சின்னப் பிள்ளையிலிருந்து தெரிந்தவர், அதனால் அங்கே வாங்காமல் சிவாஜி நகர் வரை போய் வாங்குவேன். வாங்கி வந்து பாத்ரூமைத் தாழ் போட்டுக்கொண்டு, அட்டையிலிருந்து ஒவ்வொரு மாத்திரையாகப் பிதுக்கி ஒரு பழைய கால்சியம் டப்பாவில் போடுவேன். காலி அட்டையைக் கத்தரிக்கோலால் பொடிப்பொடியாக வெட்டி, பெயர் தெரியாதபடி பேப்பரில் சுற்றி, பஸ் ஸ்டாப் குப்பைத் தொட்டியில் போடுவேன். பெயர் இல்லாத மாத்திரை குப்பை என்று கம்பெனியில் கையெழுத்துப் போட்டவள் வீட்டில் செய்த காரியம் இது. வெளியே பெல்ட்டுக்கு அடியில் டார்ச் அடித்துத் தேடுவேன், உள்ளே நானே கொண்டுபோய்க் கலந்து வைப்பேன். இப்போது எழுதும்போது சிரிப்பாக இருக்கிறது. அப்போது அது ரொம்ப சாமர்த்தியம் என்று நினைத்தேன்.

பிறகு நீ வேலைக்குப் போனாய். முதல் சம்பளம் வந்ததும் உனக்கு என் முழங்கால்தான் கண்ணில் பட்டது. கம்பெனி பஸ்ஸில் ஏற நான் கம்பியைப் பிடித்துத் தொங்குவதைப் பார்த்துவிட்டு, "ம்மா, நீ கொஞ்சம் வெயிட்ட கொறைக்கணும்மா, உனக்கு ஒரு டாக்டர் பாத்து வெச்சிருக்கேன்" என்றாய். எனக்குக் கோபம் வந்தது, பெற்ற பிள்ளை குண்டு என்று சொல்கிறானே என்று. ஆனால் உள்ளுக்குள் பூரிப்பு. எத்தனை பிள்ளைகளுக்கு அம்மாவின் முட்டி கண்ணில் படும்? அந்த கிளினிக்கில் ஏசி ஓடியது, டீப்பாயில் பூ வைத்திருந்தார்கள். டாக்டரம்மா கன்னடக்காரர், சின்ன வயசு, எல்லாவற்றையும் ஒழுங்காகக் கேட்டு எழுதிக்கொண்டார். பிரஷர் பார்த்தார். பிறகு, "பேரே மாத்ரெ ஏனாதரூ தொகோத்தீராம்மா?" என்றார். வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். நீ என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாய். என் கைப்பை உன் மடியில் இருந்தது.

"இல்லா மேடம், கால்சியம் அஷ்டே" என்றேன். கால்சியம் மட்டும்தான் என்று. அவர் நிமிர்ந்து பார்த்து இன்னொரு தடவையும் கேட்டார். தூக்கத்துக்கு, டென்ஷனுக்கு, ஏதாவது? எனக்கு முன்னால் நீ சிரித்தாய். "எங்கம்மாவுக்கா டாக்டர்? அவங்களால மத்தவங்களுக்குத்தான் டென்ஷன்" என்றாய். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பில்தான் எல்லாம் போனது. உன்னைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை, நீ தெரியாமல் சிரித்தாய். நான் தெரிந்து சிரித்தேன்.

அவர் எழுதிக் கொடுத்த கேப்சூலின் பெயர் சிபுட்ரமின். பசியை அடக்குவது. அதுவும் என் செர்ட்ராலினும் மூளையில் ஒரே சரக்கைத்தான் கூட்டும் என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஒரு குழாய் திறந்திருக்கும்போது இன்னொன்றையும் திறந்துவிட்டால் தொட்டி வழியாதா, அப்படி. இரண்டும் சேரக் கூடாது என்று அந்த டாக்டரம்மாவுக்கு நன்றாகத் தெரியும், அதனால்தான் இரண்டு தடவை கேட்டிருக்கிறார். எனக்கு அது தெரியாது. மாத்திரையை அடுக்கத் தெரியும், அது உள்ளே போய் என்ன செய்யும் என்று தெரியாது. ஆனால் தெரியாத விஷயத்தில் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லத் தெரிந்திருக்கலாம்.

கேப்சூல் ஆரம்பித்த வாரத்தில் ஞாயிற்றுக்கிழமை. பூசைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். முதலில் கை நடுங்கி ரவிக்கைக் கொக்கி மாட்ட வரவில்லை. வேர்வை சேலையோடு ஊற்றியது. உட்கார்ந்தால் கால் தானாகத் துள்ளியது, நின்றால் நெஞ்சு படபடவென்று அடித்தது, உடம்பு நெருப்பாகக் கொதித்தது. ஏதேதோ உளறினேனாம். நீதான் என்னைத் தூக்கிக்கொண்டுபோய் ஆட்டோவில் போட்டாய், அவ்வளவு வெயிட்டையும். ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டர் என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டபோது உன் பாக்கெட்டிலிருந்து அந்தக் கேப்சூல் அட்டையை எடுத்துக் கொடுத்தாய். "யார் வாங்கிக் குடுத்தது?" என்றார். "நாந்தான் டாக்டர்" என்றாய். எனக்கு அரை மயக்கம்தான், ஆனால் உன் முகத்தைப் பார்த்தேன். உன் அப்பா கட்டில் ஓரத்தில் நின்று என்னையே பார்த்தார், சொல்லட்டுமா என்று கண்ணால் கேட்டார். நான் தலையை ஆட்டினேன். அந்த நிலைமையிலும் வேண்டாம் என்று தலையை ஆட்ட எனக்கு எங்கிருந்தோ தெம்பு வந்தது.

அந்த டியூட்டி டாக்டர் கெட்டிக்காரர். ஒரு சின்னச் சுத்தியால் என் முட்டியில் தட்டினார், கால் எகிறியது. உன்னை மருந்து வாங்கி வர அனுப்பினார். நீ போன பிறகு குனிந்து, "அம்மா, இந்த கேப்சூல் மட்டும் இப்டி பண்ணாது. மனசுக்கு எதனா மாத்திரை சாப்பிடறீங்களா? சொன்னாத்தான் நான் சரியா பாக்க முடியும்" என்றார். சொன்னேன். பெயரையும் அளவையும் சொன்னேன். உடனே இரண்டையும் நிறுத்தினார், ஊசி போட்டார், சலைன் ஏற்றினார், ராத்திரி முழுக்க ஆள் வைத்துப் பார்த்துக்கொண்டார். மறுநாள் நடுக்கம் அடங்கியது. உங்கள் மகனிடம் சொல்லட்டுமா என்று அவரும் கேட்டார். வேண்டாம் என்றேன். "உங்க விஷயம், நீங்கதான் சொல்லணும். ஆனா சொல்லிடுங்கம்மா" என்றார். ஆகட்டும் டாக்டர் என்றேன். அந்த ஆகட்டும் இன்றைக்குத்தான் ஆகிறது.

அதற்குப் பிறகு நீ செய்ததெல்லாம் எனக்குத் தெரியும். மீதி கேப்சூலைச் சாக்கடையில் கொட்டினாய். அந்த கிளினிக்குக்குப் போய், ஒரு தப்பும் செய்யாத டாக்டரம்மாவிடம் எல்லார் முன்னாலும் கத்திவிட்டு வந்தாய். அதோடு மாறிப்போனாய். ஒரு மாம்பழம் வாங்கினால்கூட "சாப்டலாமாம்மா, ஒண்ணும் ஆவாதே?" என்று கேட்டுவிட்டுத்தான் கொடுத்தாய். எனக்குத் தலைவலி என்றால் உனக்கு முகம் வெளுத்துப்போகும். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உன் தலையிலிருந்து அந்தப் பாரம் இறங்கியிருக்கும். ஆனால் அதைச் சொல்ல வேண்டுமானால் இதையும் சொல்ல வேண்டுமே. என் மானத்தைக் காப்பாற்ற உன் நிம்மதியை எடுத்துக்கொண்டேன். எந்தத் தாயும் பெருமையாகச் சொல்லக்கூடிய விஷயம் இல்லை இது.

மனசு உறுத்தாமல் இல்லை. நம் கோயில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். "ஆண்டவர் மன்னிப்பாரு. ஆனா மகன் கிட்ட சொல்லிடும்மா" என்றார் சாமி. அது எனக்குப் பிடிக்கவில்லை. அடுத்த தடவை வேறு கோயிலுக்குப் போனேன், மாத்திரைக்கு சிவாஜி நகர் போன மாதிரி. அந்தச் சாமியும் அதையேதான் சொன்னார். மூன்றாவது கோயிலிலும் அதே பேச்சு. நாலாவது ஒரு கோயில், பஸ் மாறிப் போனேன், முழங்கால் போட்டு ஆரம்பித்தேன், உள்ளேயிருந்து ஒரு இருமல் கேட்டது. அந்த இருமலை எனக்குத் தெரியும். முதல் கோயில் சாமிதான், மாற்றலாகி வந்திருக்கிறார். அவர் மறுபடி கொஞ்சம் இருமினார். எனக்கு அவமானத்தில் காது சுட்டது. வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் சொன்னபோது மனுஷன் விழுந்து விழுந்து சிரித்தார்.

ஒன்றை மட்டும் அப்போதே ஒழுங்காகச் செய்தேன், அதையும் உனக்குத் தெரியாமல் செய்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து சில வாரம் செர்ட்ராலினும் இல்லாமல் இருந்தேன், டாக்டர் சொல்லித்தான். பழைய பாரம் திரும்ப வந்து உட்கார்ந்தது. அப்போதுதான் புரிந்தது, அது எனக்கு லூசு மாத்திரை இல்லை, உன் அப்பாவுக்கு பிரஷர் மாத்திரை எப்படியோ அப்படி. செர்ட்ராலின் எழுதிய வயதான டாக்டரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் பொறுத்திருந்து, குறைந்த அளவில் திரும்ப ஆரம்பித்தார். பிறகு ஒரு நாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு அந்த கிளினிக் டாக்டரம்மாவிடம் தனியாகப் போனேன். உன் சார்பில் மன்னிப்பு கேட்டேன், என் சார்பிலும். அவர் என்னை உட்காரச் சொன்னார். பிறகு, "நான் ரெண்டு தடவை கேட்டேனேம்மா" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. உங்களுக்கு இன்னமும் எடை குறைக்க வேண்டுமா என்று கேட்டார். வேண்டும், முட்டி போகிறது என்றேன். என் முன்னாலேயே அந்த வயதான டாக்டருக்கு போன் போட்டார். இரண்டு பேரும் இங்கிலீஷில் பேசிக்கொண்டார்கள். சிபுட்ரமின் எனக்கு இனி எப்போதும் கூடாது என்று முடிவானது. வேறொன்று கொடுத்தார், ஆர்லிஸ்டாட் என்று. அது மூளைப் பக்கமே போகாதாம், வயிற்றில் எண்ணெயைச் சேர விடாமல் தள்ளிவிடுமாம், அதனால் என் செர்ட்ராலினோடு சண்டை போடாது என்றார்கள். தள்ளும் என்றால் எப்படித் தள்ளும் என்று கேட்காதே. ஒரு நாள் கிறிஸ்துமஸுக்கு எண்ணெயில் பொரித்த கல்கலை ஆசைக்கு நாலு தின்றுவிட்டு நான் பட்ட பாடு உன் அப்பாவுக்குத்தான் தெரியும். அதோடு எண்ணெய்ப் பலகாரத்தின் மேல் ஆசையே விட்டுப்போனது. நான் இளைத்தது கிரவுண்டில் நடந்த நடையால் என்று நீ எல்லாரிடமும் பெருமையாகச் சொல்வாய். நடந்தேன்தான், ஆனால் நடை பாதி.

ஆக, டோனி, மனசுக்கும் எடைக்கும் மருந்து சேர்த்துச் சாப்பிட்டவள் நான், இரண்டு விதமாகவும் சாப்பிட்டிருக்கிறேன். ஒரு தடவை பெயரை வெட்டிப்போட்டுச் சாப்பிட்டேன், ஒரு தடவை இரண்டு டாக்டருக்கும் தெரிந்து சாப்பிட்டேன். நீ ஜிம்மில் சேர்ந்திருப்பதாகவும் அங்கே யாரோ வயிறு குறையப் பவுடர் தருவதாகவும் ஸ்டெல்லா சொன்னாள். அந்தப் பவுடர் டப்பாவை அப்படியே எடுத்துக்கொண்டுபோய் டாக்டர் மேஜை மேல் வை. மூலிகைதானே, சளிக்குத்தானே, தலைவலிக்குத்தானே என்று நீயே முடிவு பண்ணாதே, எல்லாவற்றையும் சொல். மாத்திரையை அட்டையோடு வை, எந்தக் காலத்திலும் வேறு டப்பாவில் கொட்டாதே. முதல் வாரம் வயிற்றைப் புரட்டினால் பயப்படாதே, டாக்டருக்கு போன் பண்ணு. ஆனால் என்னை ஆட்டோவில் தூக்கிப்போட்ட அன்று பார்த்தாயே, அந்த நடுக்கமும் வேர்வையும் படபடப்பும், அப்படி ஏதாவது வந்தால் காத்திருக்காமல் ஓடு. நன்றாக ஆகிவிட்டது என்று நீயாக நிறுத்தவும் கூடாது. ஸ்டெல்லா பக்கத்தில் இருந்தால் சொல்ல முடியாத விஷயம் ஏதாவது இருக்குமானால், அவளைக் கொஞ்ச நேரம் வெளியே உட்காரச் சொல். அவள் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டாள், என்னைவிட அவளுக்கு விவரம் அதிகம்.

நான் இப்போது சந்தோஷமாக இருக்கிறேன், இதையும் எழுதிவிடுகிறேன். ரிட்டையர் ஆகிவிட்டேன். காலையில் காபி போட்டுக்கொண்டு வாசலில் நின்று பால்காரரிடம் வம்பு பேசுகிறேன். உன் அப்பா பேப்பரை எனக்குச் சத்தமாகப் படிக்கிறார், நான் கேட்காவிட்டாலும். மாத்திரை அட்டை இப்போது டிவி மேல் கிடக்கிறது, பெயர் மேலே தெரியும்படி. போன வாரம் எதிர்வீட்டுக்காரி வந்து, "இது இன்னாக்கா மாத்திர?" என்று கேட்டாள். மனசுக்கு என்றேன். அவள் அட்டையை எடுத்துப் பெயரைப் படித்துப் பார்த்தாள், அப்புறம் டாக்டர் எங்கே இருக்கிறார் என்று கேட்டாள்.

இன்னொரு விஷயம் ஸ்டெல்லா போனில் சொன்னாள், போகிற போக்கில்தான் சொன்னாள். டாக்டரிடம் முதல் நாள் ஒரு ஃபாரம் நிரப்பச் சொன்னார்களாம். உங்கள் குடும்பத்தில் வேறு யாருக்காவது இது இருந்திருக்கிறதா என்று அதில் ஒரு கேள்வியாம். நீ இல்லை என்று எழுதிக் கொடுத்தாயாம். உனக்குத் தெரிந்தது அவ்வளவுதான், நீ பொய் எழுதவில்லை. அந்தக் கேள்வியை அவர்கள் சும்மா கேட்பதில்லை. உன் டாக்டர் அந்தப் பதிலை வைத்துத்தான் உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். திங்கட்கிழமை சீட்டை எடுத்துக்கொண்டு அவரிடம் போ. போய் அந்த ஃபாரத்தை வாங்கி, நீ எழுதியதை அடித்துவிட்டு இப்படி எழுது. எங்கள் அம்மாவுக்கு இருந்தது. பத்து வருஷமாக மாத்திரை சாப்பிடுகிறார். நன்றாக இருக்கிறார்.

உன்
அம்மா